நாற்பத்தேழுக்கு நாற்பத்தேழு

மேலவை உறுப்பினர் விடுதி
அறை 214
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதி ஒரு மாதமாகிவிட்டது. கோபப்படாதே. அவை நடக்கும் நாட்களில் காலை ஒன்பது மணிக்கு அறையைப் பூட்டினால் திரும்பத் திறப்பதற்குள் சாப்பாட்டுக்கூடம் மூடிவிடுகிறது. மாமாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? அனுப்பிய மருந்து வந்ததா? இரண்டு தலையணை வைத்துப் படுக்கச் சொன்னாரே டாக்டர், கேட்கிறாரா, இல்லை வழக்கமான வீம்புதானா?

இதனுடன் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். ஆண்டு முழுக்க யார் என்ன செய்தார் என்று மேலவைச் செயலகம் அச்சடித்துத் தரும் தாள். என் பெயருக்கு நேரே பார். பேச்சு முப்பத்தெட்டு. கேள்வி நூற்றுப் பன்னிரண்டு. வாக்கெடுப்பு அறுபத்து நான்கில் அறுபத்தொன்று. எங்கள் வரிசையில் இதுதான் அதிகம். எனக்கு முன்னால் உட்காரும் சர்க்கரை ஆலை முதலாளி ஆறு வருடத்தில் இரண்டு முறை வாய் திறந்திருக்கிறார். அதில் ஒன்று, மின்விசிறியைக் குறைக்கச் சொல்லி. சின்ன வயதில் என்னை ஒலிபெருக்கி என்று கூப்பிடுவாயே, அதற்கு இப்போதுதான் அரசாங்க முத்திரை விழுந்திருக்கிறது.

தூசி நோய் மசோதா நிறைவேறிவிட்டது. கல் அரைக்கும் ஆலைகளில் நுரையீரல் கெட்டுப்போகிற தொழிலாளிக்கு இனி ஆலைதான் கடைசிவரை வைத்தியம் பார்க்க வேண்டும். ஆனால், ஒப்பந்தத் தொழிலாளியையும் அதில் சேர்க்க வேண்டும் என்று நான் கொண்டுவந்த திருத்தம் தோற்றுப்போனது. நாற்பத்தேழுக்கு நாற்பத்தேழு. சமமாக வந்தால் திருத்தம் விழுந்ததாக எடுத்துக்கொள்வது இங்கே விதி. முந்தின நாள் இருபது நிமிடம் பேசினேன், அக்கா. ஆளும் கட்சி வரிசையிலேயே ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்திரிகையில் என் படத்தோடு வந்தது. என்ன செய்ய, ஒரே ஒரு ஓட்டு.

மாமாவிடம் நேரம் பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி


ஆலைப் பின்தெரு
மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

மருந்து வந்தது. தலையணை மூன்று வைத்தாகிவிட்டது. படுக்கையில் பாதி உட்கார்ந்த மாதிரிதான் தூங்குகிறார். "உன் தம்பி மேலவைக்குப் போனான், நான் மேல்தலையணைக்குப் போயிட்டேன்" என்கிறார். சிரித்தால் இருமல் வருகிறது. அதனால் நாங்கள் யாரும் சிரிப்பதில்லை.

போன் இருக்கும்போது எதற்கு இத்தனை பக்கம் எழுதுகிறாய் என்று சைரன் கேட்கிறாள். அவளைத் தெரியுமல்லவா, சலிக்கிற இடத்தில் என்னோடு வேலை செய்கிறாளே, அந்தத் தொண்டைக்காரி. நான் சொன்னேன்: "அவன் போன்ல பேசினா நல்லா இருக்கும்டி. வச்சதுக்கு அப்புறம்தான் அவன் ஒண்ணுமே சொல்லலேன்னு தெரியும். பேப்பர்ல அந்த வித்தை பலிக்காது."

திருத்தம் விழுந்ததை மாமாவிடம் சொல்லிவிட்டேன். பத்தொன்பது வருஷம் ஒரே இயந்திரத்தில் வெள்ளைக்கல் அரைத்தவர். ஆனால் அவ்வப்போது ஒப்பந்தக்காரர் பெயரை மாற்றி மாற்றி பதினோரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அட்டைப்படி பார்த்தால் அவர் எந்த ஆலையிலும் வேலை பார்த்ததே இல்லை. போன வாரம் ஆய்வாளர் வந்தார். வழக்கம்போல வாசலில் எல்லோருக்கும் முகமூடி கொடுத்தார்கள். அவர் வண்டி திரும்பியதும் எண்ணி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். ஒன்று குறைந்தது என்று அரை மணி நேரம் எங்களைச் சோதனை போட்டார்கள்.

நீ அனுப்பிய தாளைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் காட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது. சங்கத்தில் உன் பெயரைக் கட்சிக்குக் கொடுக்கச் சொல்லி வீடு வீடாகப் போனவள் நான்தானே. ஆனால் ஒரு சந்தேகம். அறுபத்து நான்கில் அறுபத்தொன்று என்றால், விட்டுப்போன மூன்று எது?

இதற்காகவே நேற்றுச் சாயங்காலம் நூலகத்துக்குப் போனேன். மார்ச் ஐந்தாம் தேதி அவைக் குறிப்பு வந்திருந்தது. திருத்தத்துக்கு ஆதரவு என்று நாற்பத்தேழு பெயர் போட்டிருக்கிறது. விரல் வைத்து மூன்று தடவை படித்தேன். உன் பெயர் இல்லை. எதிர்ப்பிலும் தேடினேன், தம்பி. ஏன் தேடினேன் என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. அதிலும் இல்லை.

சொல்லு.

உன் அக்கா


அறை 214
மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்துச் சிரித்துவிட்டேன். நீ அவைச் செயலாளராகப் போயிருக்க வேண்டியவள்.

விட்டுப்போன இரண்டு, நான் காய்ச்சலில் கிடந்த நாளில் நடந்தவை. மூன்றாவதைப் பற்றித்தானே கேட்கிறாய்? அது இயந்திரத்தின் வேலை. நாங்கள் கை தூக்குவதில்லை. இருக்கையில் பச்சை, சிவப்பு என்று இரண்டு பொத்தான் இருக்கும். அழுத்தினால் மேலே பலகையில் நம் எண்ணுக்கு விளக்கு எரியும். அன்றைக்கு நான் அழுத்தினேன், என் விளக்கு எரியவில்லை. பரபரப்பில் யாரும் கவனிக்கவில்லை. பழைய இயந்திரம், அடிக்கடி இப்படி ஆகிறது. இதையெல்லாம் பெரிதாக்கினால் நம்மைத்தான் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இந்த வாரம் குடிநீர்க் குழுவில் வேலை அதிகம். மாமாவுக்கு அடுத்த எக்ஸ்ரே எப்போது? தேதி எழுது, டாக்டரிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
தம்பி


ஆலைப் பின்தெரு
மார்ச் 29

என் தங்கத் தம்பிக்கு,

உனக்குக் கூட்டல் மறந்துவிட்டதா?

உன் கடிதத்தைச் சலிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். முதல் தடவை ஒன்றும் தோன்றவில்லை. சைரன்தான் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "அக்கா! அவன் விளக்கு எரிஞ்சிருந்தா நாப்பத்தெட்டு! நாம ஜெயிச்சிருக்கோம் அக்கா!" அவள் குரலுக்கு மூன்றாவது கொட்டகைவரை ஆள் ஓடிவந்தது. யாருக்கோ விபத்து என்று நினைத்து ஒருத்தர் மின்சாரத்தையே நிறுத்திவிட்டார்.

நீ பச்சையை அழுத்தியிருக்கிறாய். இயந்திரம் கெட்டிருக்கிறது. அப்படியென்றால் சட்டம் நம் பக்கம், குறிப்பில் எழுதினதுதானே தப்பு! நீ உன் விளக்கைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறாய். அது எங்கள் விளக்கு.

நூலகர் நல்ல மனுஷன். மேலவை விதிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பொதுமக்கள் மனுக் கொடுக்கலாம், மனுக்குழு என்று ஒன்று இருக்கிறது என்று காட்டினார். உட்கார்ந்து எழுதினோம். "எங்கள் உறுப்பினர் ஆதரவாக வாக்களித்தும் இயந்திரக் கோளாறால் பதிவாகவில்லை. குறிப்பைத் திருத்தி, எங்கள் சட்டத்தை எங்களுக்குத் தர வேண்டும்." மூன்று ஷிஃப்டிலும் வாங்கி இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ரேகை வைத்தவர்களுக்கு மை ஒட்டவில்லை, விரலெல்லாம் கல்மாவு. கழுவிக் கழுவி வைத்தார்கள். மாமாவைத் தூக்கி உட்கார வைத்தேன். அவர் கையெழுத்துப் போட இரண்டு நிமிடம் ஆனது. போட்டு முடித்துவிட்டு, "தலையணை ஒண்ணை எடுத்துடு" என்றார். அன்றைக்கு இரண்டிலேயே தூங்கினார்.

முந்தாநாள் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது.

உன் மேல் சந்தேகப்பட்டேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது. பட்டியலில் உன் பெயரை எதிர்ப்பில் தேடியவள் நான். மன்னித்துவிடு.

உன் அக்கா


அறை 214
ஏப்ரல் 4

அக்காவுக்கு,

என்னைக் கேட்காமல் ஏன் அனுப்பினாய்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

இங்கே எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. அறிவித்த முடிவை மனு கொடுத்து மாற்ற முடியாது. இருநூறு பேர் கையெழுத்தென்றால் நான் தூண்டிவிட்டேன் என்பார்கள். கட்சியில் எனக்குச் சங்கடம். தயவுசெய்து மனுவைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு வரி எழுதிப் போடு. சட்டத்தை அடுத்த ஆண்டு வேறு வழியில் கொண்டுவரப் பார்க்கிறேன். நானே பேசுகிறேன்.

மாமாவுக்கு வீணாக நம்பிக்கை கொடுக்காதே.

தம்பி


ஆலைப் பின்தெரு
ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் இந்தத் தடவை ஒரு நகைச்சுவைகூட இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவை மாற்ற முடியாது என்கிறாய். நூலகர் விதியைப் படித்துக் காட்டினார். கூட்டத்தொடர் முடிவதற்குள், சம்பந்தப்பட்ட உறுப்பினர் தன் வாக்கு தவறாகப் பதிவானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவைத் தலைவர் விசாரித்துத் திருத்தலாம். எங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துக்கூட வேண்டியதில்லையாம். உன் ஒரு கையெழுத்துப் போதுமாம். படிவத்தை நகல் எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். கீழே கோடு போட்டிருக்கிறது பார், அந்த இடத்தில்.

இன்னொன்று. மனு விஷயம் ஆலைக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை நான்கு பேரின் அட்டையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, "ஒப்பந்தக்காரர் மாறிட்டார், சொல்லி அனுப்பறோம், போங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சைரனும் அதில் ஒருத்தி. வாசலில் நின்று அவள் கத்தவில்லை. அவள் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னை நிறுத்தவில்லை. உறுப்பினரின் அக்கா இல்லையா.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். "விடுக்கா. தம்பி கையெழுத்துப் போட்டதும் இவனுங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கறதுக்காகவே திரும்ப வேலைக்கு வருவேன்" என்றாள்.

மாமாவுக்கு நம்பிக்கை கொடுக்காதே என்று எழுதியிருக்கிறாய். நான் எங்கே கொடுத்தேன்? நீ அனுப்பினதைத்தான் பிரித்துக் கொடுத்தேன்.

தம்பி, ஒன்றே ஒன்று. பச்சையை அழுத்தினாயா?

அக்கா


அறை 214
ஏப்ரல் 16

அக்கா,

அழுத்தவில்லை. நான் உள்ளேயே இல்லை.

இந்த இரண்டு வரிக்காக ஆறு தாளைக் கிழித்துவிட்டேன். இனி நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இங்கே எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. ஜோடி என்று பெயர். எதிர்த்தரப்பில் ஒருவர் அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தால், நம் தரப்பில் ஒருவரிடம் வந்து, "நீங்களும் அன்றைக்கு ஓட்டுப் போடாதீர்கள்" என்று கேட்பார். ஒப்புக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒன்று குறையும், யாருக்கும் நஷ்டமில்லை. எந்த விதியிலும் இது கிடையாது. கொடுத்த வாக்குதான். அதை மீறுகிறவனோடு அதன்பிறகு யாரும் தேநீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

ஆளும் கட்சி வரிசையில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். என் பேச்சு முடிந்த அன்று, நடைபாதையில் என் தோளில் கை போட்டார். "எங்க பக்கத்துலகூட இப்படிப் பேச ஆள் இல்லைங்க" என்றார். உறுப்பினர் ஓய்வறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் வந்து நான்கு வருடமாகிறது, அக்கா. அந்த அறையில், அந்தத் தோல் நாற்காலியில், என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நானாகப் போய் உட்கார்ந்தால் பத்திரிகையை உயர்த்திக்கொள்வார்கள். அவர் தன் கையால் கோப்பையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகுதான் கேட்டார்: "நாளைக்கு என் பொண்ணுக்குப் பட்டமளிப்பு விழா. புதன்கிழமை முழுக்க நான் இருக்க மாட்டேன். நீங்க எனக்கு ஜோடியா இருக்க முடியுமா? உங்க வார்த்தைன்னா எனக்குப் போதும்."

என் திருத்தம் வியாழக்கிழமை வருவதாகத்தான் பட்டியலில் இருந்தது. புதன்கிழமை ஒன்றும் இல்லை. சரி என்றேன். உடனே சரி என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள்.

புதன்கிழமை மத்தியானம் பட்டியலை மாற்றினார்கள். நான்கு மணிக்கு நம் திருத்தம். அவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? தெரியாது. இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் முகம் மாறிவிடுவாரோ என்று கேட்கவில்லை.

வாக்கெடுப்புக்கு முன்னால் மூன்று நிமிடம் மணி அடிக்கும். அதற்குள் உள்ளே போனால்தான் உண்டு, பிறகு கதவைப் பூட்டிவிடுவார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். எங்கள் கட்சிக் கொறடா ஓடிவந்தார்.

"என்ன சார் நிக்கிறீங்க? வாங்க உள்ள!"

"வழக்கறிஞருக்கு ஜோடி, வாக்கு கொடுத்துட்டேன்."

"ஜோடியாவது கோடியாவது! உங்க திருத்தம் சார் இது! எண்ணிப் பாத்துட்டேன், நீங்க வந்தா ஒண்ணு அதிகம். வாங்க!"

"வாக்கு கொடுத்துட்டேனே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, உள்ளே போய்விட்டார். வாயிற்காவலர் கதவில் கை வைத்துக்கொண்டு, "சார், உள்ளயா, வெளியவா? சாத்தணும்" என்றார்.

"வெளியே" என்றேன்.

மாமா ஞாபகம் வந்தது, அக்கா. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மாமாவும், அந்தத் தோல் நாற்காலியும், இரண்டும் சேர்ந்துதான் வந்தன. மூன்று நிமிடம் முழுசாக இருந்தது. நாற்காலி ஜெயித்தது.

பிறகு கொறடா, கேட்டால் இயந்திரம் என்று சொல்லிவிடச் சொன்னார். கட்சிக்கும் அது வசதி. உனக்கு அதையே எழுதினேன். ஒன்றைக் கூட்டினால் நாற்பத்தெட்டு வரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. தப்பித்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ அனுப்பிய படிவத்தை நிரப்பினேன். பொய்தான், ஆனால் போட்டால் சட்டம் கிடைக்கும், மாமாவுக்கு வைத்தியம் கிடைக்கும், சைரன் வேலைக்குப் போவாள் என்று எனக்கு நானே இருபது நிமிடம் பேசினேன். செயலகத்துக்குப் போனேன். நடைபாதையில் அதே வாயிற்காவலர் எழுந்து நின்றார். "சார், அன்னைக்கு வெளியவே நின்னுட்டீங்களே, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். உண்மைக்குப் பயந்து திரும்பவில்லை. அவருக்குப் பயந்துதான்.

மாமாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு முகமில்லை.

தம்பி


ஆலைப் பின்தெரு
ஏப்ரல் 27

தம்பிக்கு,

மாமாவிடம் சொல்லிவிட்டேன். முழுக்கப் படித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவன் நின்ன இடத்துல ஏசி இருந்துச்சா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். தலையணையை மறுபடி மூன்றாக்கச் சொன்னார்.

உனக்கு முகமில்லை. எனக்கு இருக்கிறதா? இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் நான்தான் காகிதத்தை நீட்டினேன். அதனால் நானே போனேன். மூன்று ஷிஃப்டுக்கும், நான்கு நாள். "என் தம்பி சொன்னது பொய். அவன் ஓட்டுப் போடலை. நாம போட்ட கையெழுத்து பொய்க்குப் போட்ட கையெழுத்து." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். யாராவது அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரைக்கிற இடத்தில் வேலை செய்கிற ஒரு பெரியவர், "பெரிய எடத்துக்குப் போனா அப்படித்தாம்மா, நீ எதுக்கு அழுவுற" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஆச்சரியமே படவில்லை, தம்பி. ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சைரன் மட்டும், "அப்போ எங்க அட்டை?" என்று கேட்டாள். அவள் இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். மற்ற மூன்று பேருக்கு அதுவும் இல்லை.

வழக்கறிஞருக்குக் கொடுத்த வாக்கு என்று எழுதியிருக்கிறாய். சங்கக் கொட்டகையில் எங்களுக்கு முன்னால் நின்று நீ கொடுத்தது என்னது? அதை மீறினால் உன்னோடு தேநீர் குடிக்க மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை, அதனாலா? உனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தால் போதும் என்று தெரிந்திருந்தால் நாங்களும் கொடுத்திருப்போம். நம் வீட்டில் தோல் நாற்காலிதான் இல்லை.

முன்பே தெரிந்துதான் உன்னைக் கேட்டிருந்தாலும் அந்த வழக்கறிஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அவருடைய ஆட்களுக்கு வேலை செய்கிறார்.

மனுக்குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. முதல் கையெழுத்துக்காரர் நேரில் வந்து விளக்க வேண்டுமாம். மே எட்டாம் தேதி வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு. மனுவைத் திரும்பப் பெறப் போவதில்லை. நான் வருகிறேன். இயந்திரம் கெடவில்லை என்று சொல்வேன். எங்கள் உறுப்பினர் எங்கே நின்றார் என்று சொல்வேன். நாலு பேர் அட்டையைப் பற்றிச் சொல்வேன். பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற முகமூடிகளைப் பற்றியும் சொல்வேன். கேட்கிறார்களோ இல்லையோ.

உன் விடுதிக்கு வர மாட்டேன். சைரனின் தங்கை வீடு அந்த ஊரில் இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்வேன். எனக்கு முன்னால் நீயே சொல்லிவிட்டால், சொந்தத் தம்பியைப் பற்றி அந்நியர்களிடம் சொல்கிற வேலை எனக்கு இருக்காது. அதைக் கேட்கத்தான் எழுதினேன். வேறு ஒன்றுக்கும் இல்லை.

அக்கா


அறை 214
மே 2

அக்கா,

இன்று காலை அவையில் சொல்லிவிட்டேன். தன்னிலை விளக்கம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர் தன்னைப் பற்றி எழுந்து சொல்லலாம், ஐந்து நிமிடம் தருவார்கள். எழுதி வைத்துக்கொண்டு போனதைப் பையிலிருந்து எடுக்கவில்லை. எழுதியது கொஞ்சம் நன்றாக இருந்தது, அதனால்.

"மார்ச் ஐந்தாம் தேதி இயந்திரம் கெடவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். எதிர்வரிசை நண்பருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக, என்னை இங்கே அனுப்பியவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் கைவிட்டேன். பிறகு அவர்களிடமே பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி மனுப் போட்டவர்களில் நான்கு பேர் வேலையை இழந்திருக்கிறார்கள். தவறு என்னுடையது." இவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்து நடந்ததை யாரும் உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதுகிறேன்.

வழக்கறிஞர் எழுந்தார். "தன் சொந்தத் திருத்தமே தோற்றாலும் பரவாயில்லை என்று, எனக்குக் கொடுத்த வாக்கைக் காத்தவர் இவர். இந்த அவையின் மாண்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இவரே சாட்சி" என்றார். மேஜையைத் தட்டினார்கள். முதலில் அவர்கள் பக்கம், பிறகு நம் பக்கம். கொறடாவும் தட்டினார். சர்க்கரை ஆலை முதலாளி பின்னால் திரும்பி, என் மேஜையைத் தன் கையால் தட்டினார். இந்த ஒரு வருடத்தில் முப்பத்தெட்டு முறை பேசியிருக்கிறேன், ஒரு முறைகூட இப்படித் தட்டியதில்லை.

நான் எழுந்து, "தட்டாதீங்க, நான் சொன்னது அது இல்லை" என்றேன். என் நேரம் முடிந்து ஒலிவாங்கியை அணைத்துவிட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவர், "உக்காருங்க, உக்காருங்க, பிரமாதம்" என்றார். அவைத் தலைவர் அடுத்த அலுவலுக்குப் போய்விட்டார். நாலு பேரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே வந்தபோது வழக்கறிஞர் ஓய்வறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். போகவில்லை. இதைச் சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை, காலம் கடந்துவிட்டது.

வியாழக்கிழமை நீ வா. நான் சொன்னதால் உன் வேலை குறைந்துவிடவில்லை. அவர்கள் காதில் விழுந்தது வேறு. குழு அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருக்கிறது, பத்து மணியிலிருந்து அங்கே இருப்பேன். நீ என்னைப் பார்க்காமல் உள்ளே போனாலும் இருப்பேன். கூப்பிட்டால் வந்து, நீ சொல்வது உண்மை என்று சொல்வேன். வேறு எதுவும் பேச மாட்டேன்.

அன்றைக்கு நான் நின்ற இடத்தில் ஏசி இருந்தது. மாமாவிடம் சொல்லிவிடு. இந்தக் கடிதத்தையும் படித்துக் காட்டு. மேஜையைத் தட்டியதை விட்டுவிடாதே.

தம்பி